புளிப்பு எப்போது குற்றமாகிறது? ஓக் தொட்டியில் முதிர்ந்த பீரை மதிப்பிடுதல் குறித்துச் சில குறிப்புகள்

ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நமது வட்டாரத்தில் இரண்டு விதமான எதிர்வினைகள் வருகின்றன. ‘ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?’ என்பது ஒன்று. ‘ருசி வர்க்கத்தைப் பொறுத்தது, மேட்டுக்குடிக்காரன் பொழுது போகாமல் செய்கிற வேலை, நமக்கென்ன அதில்?’ என்பது இன்னொன்று. பியேர் பூர்தியூ 1979இல் ‘லா திஸ்தாங்ஸியோன்’ நூலை வெளியிட்ட பிறகு இந்த இரண்டாவது எதிர்வினைக்குக் கோட்பாட்டு மிடுக்கும் சேர்ந்துகொண்டது. எந்த ருசி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற தீர்ப்புகள் சமூகப் படிநிலையை மறு உற்பத்தி செய்கின்றன என்று அவர் காட்டினார். சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு நம்மில் பலர் வந்து சேர்ந்த இடம், ‘எல்லாமே பாவனை, உள்ளே ஒன்றுமில்லை’ என்பது. பூர்தியூ சொன்னது அதுவல்ல.

முதல் எதிர்வினையும் இரண்டாவதும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தெரிந்தாலும் ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கின்றன. சுவைத்தல் என்ற செயலுக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டுமே பார்ப்பதில்லை. நாக்கு என்ன செய்கிறது, மூக்கு என்ன செய்கிறது, சொல் எங்கிருந்து வருகிறது, தீர்ப்பு எந்த இடத்தில் நுழைகிறது என்பதையெல்லாம் விட்டுவிட்டு நேராக முடிவுக்குப் போய்விடுகின்றன.

இந்தக் கட்டுரையில் ஒரு பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தச் செயலைப் பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பண்டம், பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஓக் மரத்தொட்டியில் முதிர வைக்கப்படும் புளிப்புப் பீர். வேறெந்தப் பீரிலாவது இருந்தால் ‘கெட்டுப்போய்விட்டது’ என்று சாக்கடையில் கொட்டக்கூடிய புளிப்பு, காடி நெடி, துவர்ப்பு, தொழுவ வாசனை எல்லாம் இதற்குள் கௌரவமாக உட்கார்ந்திருக்கின்றன. குற்றத்துக்கும் குணத்துக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் வேலை நிமித்தமாக வசித்த காலத்தில் இதைக் குடித்துப் பழகினேன் என்பதும் ஒரு காரணம்.

1. முதலில் பண்டம்

மேற்கு ஃபிளாண்டர்ஸில் ரூசலாரா என்றொரு ஊர். அங்கே 1821இல் ரோடன்பாக் குடும்பத்துச் சகோதரர்கள் பீர் ஆலை நடத்தத் தொடங்கினார்கள். அவர்களில் அலெக்சாண்டர் என்பவர் பார்வையற்றவர். 1830ஆம் ஆண்டு பெல்ஜியப் புரட்சியில் பங்கெடுத்து, புதிய நாட்டின் தேசியப் பேரவைக்கும் போனவர். பின்னர் அதே குடும்பத்தைச் சேர்ந்த யூஜின் ரோடன்பாக் 1870களில் இங்கிலாந்து போய், அங்கே பீரைப் பெரிய மரத்தொட்டிகளில் நாட்கணக்காகப் போட்டு முதிர வைப்பதையும், முதிர்ந்ததையும் இளசையும் கலப்பதையும் கற்றுக்கொண்டு வந்தார் என்பது அந்த ஆலையின் வரலாறு. இன்று அங்கே 294 ஓக் தொட்டிகள் நிற்கின்றன. ‘ஃபூடர்’ என்று பெயர். நின்ற வாக்கில், ஒரு மனிதனைவிடப் பல மடங்கு உயரமாக, ஒவ்வொன்றும் பல்லாயிரம் லிட்டர் கொள்ளும். சில தொட்டிகளுக்கு 150 வயதுக்கு மேல் ஆகிறது.

செய்முறை சுருக்கமாக இது: முளைகட்டி வறுத்த பார்லியைக் கொதிக்க வைத்து, கசப்புக்கான ஹாப் பூவைக் குறைவாகப் போட்டு, ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் கலந்த கூட்டத்தால் நொதிக்க விடுகிறார்கள். பிறகு தொட்டிக்குப் போகிறது. அங்கே 2 வருடங்கள் வரை கிடக்கிறது.

அந்த 2 வருடத்தில் மரம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மதிப்பீட்டைத் தொடங்க முடியாது. ‘ஓக்’ என்றதும் விஸ்கியில் வருகிற வனிலா, தேங்காய் வாசனையைப் பலர் எதிர்பார்க்கிறார்கள். அது புது மரமோ விஸ்கி பீப்பாயோ தருவது. நூறு வருடம் பீரில் ஊறிய தொட்டியில் அந்தச் சாரமெல்லாம் எப்போதோ வடிந்துபோயிருக்கும். பழைய தொட்டியின் வேலை வேறு. மரத்தின் துளைகளிலும் இடுக்குகளிலும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மரப்பலகை வழியாகக் காற்று மிக மெதுவாக உள்ளே நுழைகிறது. கொஞ்சம் துவர்ப்பும் இறங்குகிறது. மரம் இங்கே மசாலா அல்ல. வீடு என்று சொல்லலாம்.

குடியிருப்போர் யார்? லாக்டோபசில்லஸ், பீடியோகாக்கஸ் ஆகியவை லாக்டிக் அமிலம் தருபவை. நம் வீட்டுத் தயிரையும் இட்லி மாவையும் புளிக்க வைக்கிற அதே கூட்டம். பிரெட்டானோமைசஸ் என்ற ஈஸ்ட், மற்ற ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த சர்க்கரையை மெதுவாகத் தின்று விசித்திரமான வாசனைகளைத் தருகிறது. அசிட்டோபேக்டர் காற்று கிடைத்தால் மட்டுமே சாராயத்தைக் காடியாக்குகிறது. கடைசி ஆள்தான் ஆபத்தானவர். சின்னப் பீப்பாயில் பீரின் அளவோடு ஒப்பிட்டால் மரப்பரப்பு அதிகம். ஆகவே காற்றும் அதிகம், காடியும் அதிகம். பெரிய தொட்டியில் குறைவு. புளிப்பின் தன்மையில் கொள்கலத்தின் வடிவியலுக்கும் பங்குண்டு.

2 வருடம் முடிந்த பீரைத் தனியாகக் குடிப்பது கஷ்டம். ஆகவே இளம் பீரோடு கலக்கிறார்கள். ‘கிராண்ட் க்ரூ’ என்று விற்பதில் மூன்றில் இரண்டு பங்கு முதிர்ந்தது, மூன்றில் ஒரு பங்கு இளசு; சாராயம் 6 சதவீதம். சாதாரண ரோடன்பாக்கில் முதிர்ந்தது கால் பங்குதான், சாராயம் 5.2 சதவீதம்.

2. ‘நோய்’ என்ற சொல்

பீரில் புளிப்பு எப்போது குற்றமாயிற்று? குடிக்கிறவன் புளிப்பைக் கண்டு முகம் சுளிப்பது ஆதிகாலத்து விஷயம். ஆனால் அது ‘நோய்’ என்று அறிவியலின் பெயரால் அறிவிக்கப்பட்டது 19ஆம் நூற்றாண்டில். 1870-71 போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்ற பிறகு, ஜெர்மன் பீரை மிஞ்சும் பீரை பிரான்சில் உண்டாக்க வேண்டும் என்ற வெளிப்படையான தேசிய வைராக்கியத்தோடு லூயி பாஸ்டர் ஆராய்ச்சியில் இறங்கினார். 1876இல் வெளியான அவரது நூலின் தலைப்பிலேயே ‘பீரின் நோய்கள்’ என்பது இருக்கிறது. புளித்த பீரில் உருளை வடிவ நுண்ணுயிர்களை நுண்ணோக்கியில் காட்டி, இவைதான் நோய்க்காரணிகள் என்றார்.

அடுத்த கட்டம் கோபன்ஹேகன். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கிக் காட்டினார். அந்த முறையை அந்த நிறுவனம் மூடி வைத்துக்கொள்ளாமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. தூய ஈஸ்ட், குளிர்பதனம், எஃகுத் தொட்டி மூன்றும் சேர்ந்தபோது உலகமெங்கும் ஒரே மாதிரியான, வெளிர் மஞ்சள் நிற, புளிக்காத பீர் சாத்தியமாயிற்று. அந்த ஏற்பாட்டிற்கு வெளியே இருந்த ஈஸ்ட்டுகளுக்குக் ‘காட்டு ஈஸ்ட்’ என்று பெயர் விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே கார்ல்ஸ்பெர்க்கில் இருந்த நீல்ஸ் ஹியெல்டே கிளாசன் 1904இல் இன்னொரு விஷயத்தைச் சொன்னார். நெடுநாள் வைத்திருந்து குடிக்கும் ஆங்கிலேயப் பீருக்கு அதன் தனி மணத்தைத் தருவது தூய ஈஸ்ட் அல்ல. இரண்டாவதாக வந்து மெதுவாக வேலை செய்யும் இன்னொரு ஈஸ்ட். அதைப் பிரித்தெடுத்து பிரெட்டானோமைசஸ் என்று பெயரிட்டார். ‘பிரிட்டிஷ் பூஞ்சை’ என்று பொருள். காட்டிலிருந்தவனுக்கும் பதிவேட்டில் பெயர் ஏறியது. இன்று அதையும் தூய வளர்ப்பாகப் பொட்டலத்தில் விற்கிறார்கள்.

தூய்மை, கலப்பு, காட்டுத்தனம், நோய் என்ற சொற்களை வரிசையாகப் பார்த்ததும் இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். பாக்டீரியாவை விளிம்புநிலையாக்கி, பாஸ்டரை அதிகாரமாக்கி, புளிப்பைக் கலகமாக்கி ஒரு கட்டுரை எழுதிவிடலாம். நான் அதைச் செய்யப்போவதில்லை. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மனிதர்களின் அனுபவத்தை ஒரு நுண்ணுயிருக்கு உருவகமாகக் கடன் கொடுப்பது அந்த அனுபவத்தை மலினப்படுத்துவதாகும். தூய ஈஸ்ட்டால் பீர் கெடுவது குறைந்தது. கூலிக்காரன் கொடுத்த காசுக்குக் குடிக்கத்தக்க பீர் கிடைத்தது. இதையும் சொல்லியாக வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ‘நோய்’ என்பது ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறையின் நோக்கிலிருந்து எழுந்த வார்த்தை. எந்தப் பீரும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மாதக்கணக்கில் கெடாமல் தூர தேசம் போக வேண்டும் என்ற தேவை இருக்கும் இடத்தில் புளிப்பு நோய்தான். அந்தத் தேவை இல்லாத இடத்தில் அது வேறொன்று. பொருள் மாறவில்லை, கேள்வி மாறியிருக்கிறது.

3. நாக்கும் மூக்கும்

இனி சுவைத்தல். ஒரு கிராண்ட் க்ரூ பாட்டிலை வைத்துச் சொல்கிறேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடிக்கக் கூடாது. குளிர் வாசனையை அமுக்கிவிடும். 10, 12 டிகிரி வரை ஏறவிட்டு, வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் பாதிக்கும் குறைவாக ஊற்ற வேண்டும். மேலே காலி இடம் இருந்தால்தான் வாசனை தங்கும்.

நிறம் செம்மை கலந்த பழுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளை முத்தின் ஓரம்போல. நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கண் சொல்வதை நாக்கு நம்பிவிடும். சிவப்பாக இருந்தாலே பழவாசனை வருவதாகத் தோன்றும்.

மூக்குதான் முக்கியமான இடம். இங்கே ஒரு எளிய சோதனை இருக்கிறது. லாக்டிக் அமிலம் அவ்வளவாக ஆவியாகாது. அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. அசிட்டிக் அமிலம் ஆவியாகும். ஆகவே மூக்கின் உள்ளே சுருக்கென்று குத்தினால் அது காடி. மூக்கில் ஒன்றும் குத்தாமல் வாயில் வைத்ததும் புளித்தால் அது பெரும்பாலும் லாக்டிக். இந்தப் பாட்டிலில் இரண்டும் இருந்தன: குத்தல் லேசாக, பின்னணியில். அதற்கு முன்னால் பழுத்த நாவல், ஊறிய திராட்சை, கொஞ்சம் ஈர மரம். கடைசியாக மெல்லிய ஒரு நெடி: நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. காடி அமிலமும் சாராயமும் சேர்ந்து உண்டாகிற எத்தில் அசிட்டேட் அது. குறைவாக இருந்தால் பழமணம். கூடினால் வெறும் ரசாயனம். இதில் குறைவு.

வாயில் முதல் மடக்கை விழுங்கித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் மடக்கில் நாக்குக்குப் புளிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. எச்சில் ஊறி அமிலத்தைச் சமன்படுத்தத் தொடங்கிய பிறகுதான், இரண்டாவது மூன்றாவது மடக்கில், மற்றவை வெளியே வரும். சாதாரணப் பீரின் பிஎச் அளவு 4க்கும் 4.5க்கும் இடையில் இருக்கும். இந்த வகையில் 3.5க்குக் கீழே போகும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்துப் புளிப்பை ஊகிக்க முடியாது. மொத்தமாக எவ்வளவு அமிலம் இருக்கிறது, எந்த அமிலம், கூட இனிப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து நாக்குக்குத் தெரிகிற புளிப்பு மாறும்.

விழுங்கியபின் கன்னத்தின் உட்புறமும் ஈறும் இழுத்துப் பிடிப்பதைக் கவனிக்க வேண்டும். அது மரமும் தானியத்தோலும் தந்த துவர்ப்பு. அப்புறம் எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது, நிற்கும்போது எது நிற்கிறது என்பது. இந்தப் பாட்டிலில் புளிப்பு முதலில் போய், துவர்ப்பு கொஞ்சம் நின்று, கடைசியில் ஒரு இனிப்பு எட்டிப் பார்த்தது. அந்த இனிப்பு இல்லாமல் முடிந்திருக்கலாம் என்பது என் கட்சி.

இரண்டு கோப்பைகளுக்கு இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். நாலைந்து புளிப்புப் பீருக்குப் பிறகு நாக்கு மரத்துவிடும். அதற்குமேல் எழுதுகிற மதிப்பெண்ணெல்லாம் கதைதான்.

அன்றைக்குக் கூட இருந்த நண்பர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்: “என்ன தோழர், நம்மூர்ல கள்ளு இப்படிப் புளிச்சா கீழ ஊத்திட்டுப் போவான். இங்க காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறீங்க?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

4. சொல் எங்கிருந்து வருகிறது

பீரின் வாசனைகளைச் சொல்வதற்கு ஒரு பொதுச் சொற்பட்டியல் உண்டு. டென்மார்க்கில் பிறந்த மார்ட்டன் மெயில்கார்ட் 1970களில் உருவாக்கிய ‘சுவைச் சக்கரம்’ அது. ஒவ்வொரு சொல்லையும் முடிந்தவரை ஒரு ரசாயனப் பொருளோடு கட்டிப்போட்டார். ‘வெண்ணெய்’ என்றால் டையசிட்டைல், முகர்ந்து பழகிக்கொள்ளலாம். ஆளுக்கொரு வர்ணனை என்ற நிலைமைக்கு இது ஒரு கடிவாளம். நல்ல காரியம்.

ஆனால் சொற்பட்டியலுக்கு ஊர் உண்டு. பிரெட்டானோமைசஸ் தருகிற 4-எத்தில் ஃபீனால் போன்ற பொருட்களின் வாசனையை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘குதிரைப் போர்வை’ என்பார்கள். குதிரைக்குப் போர்வை போர்த்திய ஊரில் பிறக்காத எனக்கு அது வெறும் வார்த்தை. வண்டிமாட்டின் வியர்வையில் ஊறிக் காய்ந்த கயிறு என்று சொன்னால் மூக்கு உடனே பிடித்துக்கொள்கிறது. செர்ரி, ரெட் கரண்ட் என்று அவர்கள் எழுதுவதை நான் நாவல், களாக்காய் என்று எழுதிக்கொள்கிறேன். இது மொழிபெயர்ப்பு அல்ல. நினைவில் இருக்கிற பொருளை வைத்துத்தான் மூக்கு யோசிக்கும்.

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று. நமக்கு அறுசுவையில் துவர்ப்பு ஒன்று. கடுக்காய், பாக்கு, வாழைப்பூ, பிஞ்சு மாதுளை என்று குழந்தையிலிருந்து அதைத் தனிச்சுவையாகவே அறிகிறோம். மேற்கத்திய உடலியல் அதைச் சுவையாக எண்ணுவதில்லை. மரத்துவர்ப்புப் பொருட்கள் எச்சிலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழவழப்புப் போய்விடுகிறது. அது தொடு உணர்வு என்கிறது. உடலியல் சொல்வது தவறல்ல. ஆனால் மதிப்பீட்டுத் தாளில் இதன் விளைவைப் பாருங்கள்: துவர்ப்பு ‘வாயுணர்வு’ என்ற சின்னக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஓக் தொட்டியின் கையெழுத்தே துவர்ப்புதான் எனும்போது இது சின்ன விஷயமில்லை.

மறுபக்கமும் உண்டு. அமிலம் எதுவானாலும் நாம் ‘புளிப்பு’ என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். தயிர்ப் புளிப்பும் எலுமிச்சைப் புளிப்பும் புளியம்பழப் புளிப்பும் காடிப் புளிப்பும் வேறுவேறு அமிலங்கள். சமையலறையில் இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். ரசத்துக்குப் புளியா எலுமிச்சையா என்று சண்டையே நடக்கும். எழுத வந்தால் மறந்துவிடுகிறோம். மொழியில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்தினாலே போதும்.

5. மதிப்பெண் தாள்

அமெரிக்காவில் 1985இல் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் (பிஜேசிபி) ஒரு தாள் வைத்திருக்கிறது. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10. உலகின் பல இடங்களிலும் போட்டிகளில் இந்தத் தாளோ இதன் சாயலோதான். கூடவே ‘பாணி’ வழிகாட்டி ஒன்று. இந்தப் பீர் அதில் ‘ஃபிளாண்டர்ஸ் செம்பீர்’ என்ற தலைப்பில் வருகிறது. நடுவர் கேட்க வேண்டிய கேள்வி ‘நன்றாக இருக்கிறதா?’ என்பதல்ல, ‘பாணிக்குப் பொருந்துகிறதா?’ என்பது.

உலகப் பீர்களைப் பாணிகளாகப் பிரித்து எழுதுவதைப் பரவலாக்கியவர் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சன். அவரது உலகப் பீர் வழிகாட்டி 1977இல் வந்தது. பல சிறு ஆலைகளின் மீது வெளியுலகக் கவனத்தைத் திருப்பியதில் அவர் பங்கு பெரிது. ஆனால் பிரித்து எழுதுவதற்கு ஒரு விலை உண்டு. விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஆலைகளின் பழக்கம் ‘பாணி’யாகிறது. பாணி விதியாகிறது. பிறகு அதே ஊரில் ஒருவர் தொட்டியை வேறு விதமாக நடத்தினால் அவர் பீர் ‘பாணிக்கு வெளியே’ போய்விடும்.

பொருள் ஒன்று, தீர்ப்பு வேறு என்பதற்கு இங்கே உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. 4-எத்தில் ஃபீனால் பில்ஸ்னர் பீரில் இருந்தால் மன்னிப்பில்லாத குற்றம். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீரில் அடையாளம். லேசான காடி லாகரில் கெட்டது, ரூசலாராவில் உடன்பாடு. லாம்பிக்கில் இன்னொரு வேடிக்கை. பீடியோகாக்கஸ் வேலை செய்யும்போது பீர் சில மாதம் கஞ்சிபோல் கொழகொழவென்று நூல் பிடிக்கும். தயாரிக்கிறவர்களே அதைச் ‘சீக்கு’ என்கிறார்கள். கொட்டுவதில்லை, காத்திருக்கிறார்கள். பிரெட்டானோமைசஸ் வந்து அந்தக் கொழகொழப்பையும் வெண்ணெய் நெடியையும் தின்று தீர்த்துவிடும். அப்படியானால் குற்றம் என்பது சில சமயம் ஒரு கட்டம். எந்த மாதத்தில் கோப்பையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அப்படியென்றால் எல்லாம் பார்வையைப் பொறுத்ததுதானா? இல்லை. இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். நகப்பூச்சு நெடி தொண்டையை எரிக்கிற அளவுக்கு ஏறிய பீரையோ, வாந்தியை நினைவூட்டும் பியூட்டிரிக் அமில நெடி கொண்ட பீரையோ எந்தச் சொல்லாடலும் காப்பாற்றாது. பொருள் கோப்பையில் இருக்கிறது, அளக்க முடியும், பழகிய மூக்குகள் பெரும்பாலும் அதில் உடன்படும். சமூகம் தீர்மானிப்பது அது இருக்கிறதா என்பதை அல்ல. எவ்வளவு வரை பொறுப்பது, எதற்காகப் பொறுப்பது என்பதைத்தான்.

ஆகவே நான் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறேன். ஒன்று, என்ன இருக்கிறது என்று எழுதுவது. ‘நல்ல’, ‘மோசமான’ என்ற அடைமொழிகளுக்கு அங்கே இடமில்லை. இரண்டு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது: காற்றா, மரமா, காலமா, கலப்பா? மூன்று, இருப்பவை ஒன்றையொன்று தாங்குகின்றனவா, ஒன்று மற்றதை அழுத்துகிறதா என்று பார்ப்பது. நான்கு, இவற்றை யாருடைய விதியை வைத்துத் தீர்ப்பிடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்வது. அதற்குப் பிறகு எண். மேலே சொன்ன பாட்டிலுக்கு வாசனை 10, தோற்றம் 3, சுவை 16, வாயுணர்வு 4, ஒட்டுமொத்தம் 8, ஆக 41 போட்டேன். சுவையில் குறைத்தது பெரும்பாலும் அந்தக் கடைசி இனிப்புக்காக. அந்த இனிப்பை விரும்புகிறவர் 44 போடலாம். அவரோடு எனக்குச் சண்டையில்லை. இனிப்பே இல்லை என்று சொன்னால்தான் சண்டை.

6. கலப்பவரின் நாக்கு

இந்த விவாதத்தில் இதுவரை வராத ஒருவர் இருக்கிறார். ஆலையில் தொட்டி தொட்டியாகப் போய் மாதிரி எடுத்துச் சுவைத்து, எது இன்னும் கிடக்கட்டும், எது எதனோடு சேரட்டும் என்று முடிவெடுக்கிறவர். ஒரே நாளில் ஒரே பீர் ஊற்றினாலும் இரண்டு தொட்டிகள் ஒன்றுபோல் முதிர்வதில்லை. ஆகவே அவருக்கு ‘பாணி’யால் பெரிய உதவியில்லை. இந்தத் தொட்டி போன வருடம் எப்படி நடந்துகொண்டது என்ற நினைவு வேண்டும். பக்கத்திலேயே தொட்டிகளைப் பிரித்துப் பலகையை இழைத்து மறுபடி கோக்கும் தச்சர்கள் வேண்டும். நடுவரின் நாக்கு தீர்ப்புச் சொல்கிறது. கலப்பவரின் நாக்கு வேலை செய்கிறது. ருசியைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த உழைப்பையும் சேர்த்து ஒதுக்குகிறார்கள். தொழிலாளியின் அறிவு கையில் மட்டும்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

அந்த உழைப்பின் மேல் மூலதனம் உட்கார்ந்திருக்கிறது என்பதும் உண்மை. 2 வருடம் விற்காமல் கிடக்கிற பீர் என்றால் 2 வருடம் முடங்கிய பணம். பெருந்தொட்டியில் முதிர வைப்பது ஆரம்பத்திலிருந்தே பெரிய முதலாளிகளால் முடிந்த காரியம். லண்டனில் 1814 அக்டோபர் 17 அன்று மியூ ஆலையின் ராட்சதத் தொட்டி வெடித்து, பீர் வெள்ளம் அக்கம்பக்கத்து ஏழைகளின் குடியிருப்பில் புகுந்தது. 8 பேர் இறந்தார்கள். விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். ரோடன்பாக்கை 1998இல் பாம் என்ற இன்னொரு பெல்ஜிய ஆலை வாங்கியது; 2016இல் பாமின் பெரும்பங்கு நெதர்லாந்தின் பவேரியா நிறுவனத்துக்குப் போயிற்று. அதே 2016இல்தான் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மானுடத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. மரபு ஒரு கையில், பங்குப் பத்திரம் இன்னொரு கையில்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கள்ளிலும் நடப்பது இதுவேதான். பாளையில் வடிந்த சாற்றில் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். நேரம் போகப்போகக் காடிப் பாக்டீரியா வந்துசேரும். ஃபிளாண்டர்ஸில் 2 வருடம் எடுக்கிற பயணம் நம் வெயிலில் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது, பதநீர்; தடவாவிட்டால் கள். காலைக் கள், மாலைக் கள், எந்த மரத்துக் கள் என்று பனையேறிக்கும் குடிக்கிறவருக்கும் தெரிந்திருக்கிற நுட்பத்துக்கு மதிப்பெண் தாள் கிடையாது. அது ருசியறிவு என்று யாரும் எழுதிவைக்கவும் இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதே குற்றம். புளிப்பு எங்கே குணமாகிறது என்று கேட்டால், அதைக் காத்திருக்க வைக்கத் தொட்டியும், விற்கச் சட்டமும், சொல்லச் சொற்களும் கிடைத்த இடத்தில் என்பேன்.

கள் உயர்ந்தது, பெல்ஜியப் பீர் பம்மாத்து என்று தலைகீழாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பீர் நல்ல பீர். அதை நல்லது என்று சொல்ல நான் கற்றுக்கொண்ட கவனம் அந்தப் பீருக்கு மட்டும் உரியதல்ல என்கிறேன். மூக்கில் குத்துகிறதா, வாயில் இழுக்கிறதா, எது எவ்வளவு நேரம் நிற்கிறது, இதை யார் எப்படிச் செய்தார்கள் என்ற கேள்விகளைக் கள்ளிடமும் கேட்கலாம், பழைய சோற்று நீராகாரத்திடமும் கேட்கலாம். ருசி மேட்டுக்குடிக்கு உரியது என்று நாமே விட்டுக்கொடுத்துவிட்டால், எது கெட்டது, எது முதிர்ந்தது என்று சொல்கிற உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறோம். அந்த உரிமை இல்லாமல் போனவர்களின் பண்டங்கள்தான் முதலில் கீழே கொட்டப்படுகின்றன.